பதினைந்தைக் கொடுத்து முப்பத்துமூன்றா?

ஸ்காபரோ
2024 பெப்ரவரி 4

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் போடப் பிந்தியதற்குக் குளிரைச் சாட்டலாம், ஆனால் நீ நம்பமாட்டாய். மட்டக்களப்பில் வெள்ளம் வடிந்துவிட்டதா? மகளுக்கு ஏ.எல். சோதனை போன கிழமையோடு முடிந்திருக்கும். பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு நித்திரை கொள்ள விடு, பெறுபேறு எப்படி வரும் என்று இப்போதே கேட்டுக் கரைச்சல் கொடுக்காதே. இங்கே எல்லோரும் சுகம். இவளுக்குத்தான் முழங்கால் நோ. பனியில் காலை வைக்கவே பயப்படுகிறாள்.

இனி விசயத்துக்கு, அதாவது என்.பி.ஏ. கூடைப்பந்துக்கு வருகிறேன். எங்கள் டொரொன்டோ ராப்டர்ஸ் அணியை நடத்துகிற மசாயைப் பற்றி, "மசாய் உஜிரி நியூயோர்க்காரனை வடிவாக ஏமாற்றிப்போட்டான்" என்று எழுதியிருந்தாய். ஆட்டத்துக்கு 15 புள்ளி எடுக்கிற ஓஜி அனுனோபியைக் கொடுத்துவிட்டு, 18 எடுக்கிற ஆர்.ஜே. பரெட்டையும் 15 எடுக்கிற குயிக்லியையும் வாங்கியிருக்கிறான், போதாததற்கு இரண்டாம் சுற்றுத் தெரிவு (லீக்குக்கு வருகிற புது ஆட்டக்காரரில் ஒருவனைத் தெரிந்தெடுக்கிற உரிமை) ஒன்றும் கையில், ஆகவே 15க்கு 33 என்பது உன் கணக்கு. என் மகனும் இதே கணக்கைத்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனையாவது மன்னிக்கலாம். பரெட் மிசிசாகாவில் வளர்ந்த பொடியன், தகப்பன் ரோவன் பரெட் கனடா தேசிய அணியின் பொது முகாமையாளர். சொந்த ஊர்க்காரன் ராப்டர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் பதினேழு வயதுக்குத் தலை கிறுகிறுக்கும்தானே. ஜனவரி 7இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக பரெட் 37 புள்ளி அடித்தபோது எங்கள் வீடு பட்ட பாட்டைக் கீழ்வீட்டுக்காரரிடம்தான் கேட்கவேண்டும்.

ஆனால் நீ விளையாடினவன். உனக்கு எப்படி இந்தக் கணக்கு வந்தது? ஆட்டத்தில் இருப்பது ஒரு பந்து. நியூயோர்க்கில் ஜேலன் பிரன்சனுக்குப் பந்து வேண்டும், ஜூலியஸ் ரண்டிலுக்கும் வேண்டும், பரெட்டுக்கும் வேண்டும். மூன்றாவது ஆளை எடுத்துவிட்டு, மூலையில் போய் நின்று, பந்து வந்தால் மூன்று புள்ளிக்கு எறிந்து, வராவிட்டால் முகம் சுளிக்காத ஒருவனை அங்கே நிறுத்தினால் என்ன நடக்கும்? நடந்ததைத்தான் பார்த்தோமே. டிசம்பர் 30இல் பரிமாற்றம் முடிந்தது, புதுவருடத்தன்று அனுனோபி நியூயோர்க் நிக்ஸ் சட்டையில் இறங்கினான். அவன் இறங்கிய 14 ஆட்டங்களில் நிக்ஸ் தோற்றது இரண்டே இரண்டு. அதற்குள் முழங்கை நோவு வந்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது புதிதில்லை. 2019இல் நாங்கள் கிண்ணம் எடுத்தபோதும் குடல்வால் சத்திரசிகிச்சை என்று வெளியே இருந்தவன்தானே.

ஜனவரி 25, நிக்ஸ் டென்வரை அடித்த ஆட்டம் பார்த்தாயா? போன வருடச் சாம்பியன்கள் மச்சான், 122க்கு 84! அனுனோபி 26 புள்ளி எடுத்தான், அதை விடு. ஆறு முறை பந்தைப் பறித்தான். அன்றைக்கு நான் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒருமுறை அப்படிப் பார். முழங்காலை மடித்து, கைகளை அகட்டி, எதிராளியின் நெஞ்சுக்கு நேரே தன் நெஞ்சை வைத்துப் பக்கவாட்டில் நகருவான். பந்தைத் தட்டப் பாயமாட்டான்; பாய்ந்தால் பவுல் என்று தெரியும். நிலத்தில் அடித்த பந்து மேலே எழும்பிக் கைக்கு வருகிற அந்த நொடிக்காகக் காத்திருந்து, கீழிருந்து கையை விடுவான். இது கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாதது இன்னொன்று உண்டு. அவன் காவல் நிற்கிற ஆளுக்குப் பந்து போகாது. எறிய வந்தவன் ஒருகணம் பார்ப்பான், இடமில்லை என்று திரும்பி வேறொருவனுக்குக் கொடுப்பான். 24 செக்கனில் ஐந்தாறு செக்கன் அங்கே செத்துப்போகும், கடைசியில் அவசரத்தில் ஒரு மோசமான எறிதல். இதை எழுத எந்தப் புள்ளித்தாளிலும் கட்டம் கிடையாது.

நம் மிக்கேல் கல்லூரி அணியில் அப்படி ஒருவன் இருந்தானே, நெட்டையாக, வாய் திறக்காமல். புள்ளித்தாளில் அவனுக்கு எப்போதும் பூச்சியம் அல்லது இரண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற அணிகளின் கெட்டிக்காரனை அவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நீ நிம்மதியாகப் புள்ளி அடித்தாய். பேப்பரில் பெயர் வந்தது உனக்கு.

சரி, அப்படியானால் மசாய் மடையனா என்று கேட்பாய். இல்லை. காவலாட்டக்காரனை வாங்குவதும் விற்பதும் வீட்டைப் பொறுத்தது. 2019 பெப்ரவரியில் வலன்சியூனஸைக் கொடுத்து மார்க் கசோலை வாங்கியபோது நீ எனக்கு எழுதின கடிதம் நினைவிருக்கிறதா? "ஏழு வருடமாக எங்களோடு கிடந்த பிள்ளையைக் கொடுத்து, கிழவனை வாங்கியிருக்கிறான்" என்றாய். கசோலுக்கு அப்போது 34 வயது. 2013இல் லீக்கின் சிறந்த காவலாட்டக்காரன் விருது வாங்கிய ஆள், ஆனால் எங்களிடம் வந்து ஆட்டத்துக்கு ஒன்பது புள்ளிதான் எடுத்தான். ஆனாலும் எதிரணியின் எம்பீட்டை அவன் கட்டிப்போடாமல் இருந்திருந்தால், பிலடெல்பியாவோடு நடந்த ஏழாவது ஆட்டத்தில் எங்கள் நட்சத்திரம் கவாய் லெனர்ட்டின் பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி விழுவதற்கு வாய்ப்பே வந்திராது. அதே வருடம் நவம்பரில் எம்பீட் இங்கே வந்து ஒரு புள்ளிகூட எடுக்காமல் போனான். பதினொரு எறிதல், பதினொன்றும் வெளியே. அவன் வாழ்க்கையில் முதல் பூச்சியம்!

கிண்ணம் எடுத்த அணியில் கவாய் இருந்தான். ஆகவே கசோல் பொருந்தினான். நாலு வருடம் கழித்து, 2023 பெப்ரவரியில், அதே யோசனையோடு சான் அன்டோனியோவிடமிருந்து யாக்கப் பேர்ட்டிலை வாங்கினார்கள். நல்ல காவல்காரன், குறை சொல்லமாட்டேன். ஆனால் புள்ளி எடுத்துத் தர எங்களிடம் கவாய் இல்லையே. 41 வெற்றி, 41 தோல்வி, பிறகு சிகாகோவோடு அந்த ஆட்டம். சிகாகோவுக்கு ஆடிய டெரோசானின் ஒன்பது வயது மகள் ஒவ்வொரு பிரீ த்ரோவுக்கும் (பவுலுக்குக் கிடைக்கிற தனி எறிதல்) தொண்டை கிழியக் கத்த, எங்கள் ஆட்கள் 36இல் 18ஐ விட்டார்களே, அதுதான். அதோடு முடிந்தது வருடம். கோடையில் எங்கள் வான்வ்லீட் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஹூஸ்டனுக்குப் போனான், எங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. பேர்ட்டிலுக்குக் கொடுத்த முதல் சுற்றுத் தெரிவோ இந்த வருடம் முதல் ஆறுக்கு வெளியே விழுந்தால் சான் அன்டோனியோவுக்கு. தோற்கிறதும் நாங்கள், தெரிவைக் கொடுக்கிறதும் நாங்கள்.

இந்தக் கோடையில் அனுனோபியும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்ற நிலை. இன்னொரு வான்வ்லீட் கதையை மசாயால் தாங்க முடியாது. அதனால்தான் விற்றான், அடுத்த மாதமே எங்கள் சியாக்கமையும் இந்தியானாவுக்கு அனுப்பினான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? விற்றதில் எனக்குக் குறையில்லை, விற்ற நேரத்தில்தான் குறை. போன பெப்ரவரியில் பேர்ட்டிலை வாங்காமல் அன்றைக்கே ஓஜியை விற்றிருந்தால் கூட விலை கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன், கூடைப்பந்து என்றால் சாப்பாட்டையும் மறப்பவன், இதற்கு ஒத்துக்கொள்கிறான் இல்லை. குயிக்லி இன்னும் மூன்று வருடத்தில் ஓல் ஸ்டார் ஆவான், அப்போது உன்னோடு பேசுகிறேன் என்கிறான். குயிக்லியை எனக்கும் பிடிக்கும். வளையத்தை நோக்கிப் போய்ப் பந்தை மேலே மிதக்கவிடுவானே, அது அழகு.

இருந்தாலும் ஓஜி போனது மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பொஸ்டனோடு, அரைச் செக்கன் மீதியிருக்க, எங்கள் லவ்ரி ஆடுகளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எறிந்த பந்தைப் பிடித்து மூன்று புள்ளி போட்டானே, 104க்கு 103. எல்லோரும் அவன்மேல் விழுந்து குதிக்க, அவன் மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான். நியூயோர்க்கிலும் அதே முகம்தான். அந்த ஊர்ப் பேப்பர்காரர் அவனிடம் ஒரு முழு வசனம் வாங்கப் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பு.

இப்போது உனக்கொரு வேலை. சியாக்கமுக்குப் பதிலாக வந்த புரூஸ் பிரவுன் எங்கள் கையில் இருக்கிறான். போன வருடம் டென்வரோடு கிண்ணம் எடுத்தவன், எவனையும் காவல் நிற்பான், இவனும் அந்த ரகம்தான். நிக்ஸ் அவனையும் கேட்கிறது என்று பேச்சு. நீ மசாயின் கதிரையில் இருந்தால் என்ன கேட்பாய்? நான் என்றால் அவர்களுடைய கிரைம்ஸையும் ஒரு முதல் சுற்றுத் தெரிவையும் கேட்பேன். தரமாட்டார்கள், ஆனாலும் கேட்பேன். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணியோடு ஆட்டக்காரரைப் பரிமாறுகிற சந்தை மூடுகிறது, உனக்கு அது வெள்ளி விடியப்புறம் ஒன்றரை. அதற்கு முன்னம் எழுதிவிடு. பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்று எழுதினால் செல்லாது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பாயின்ட் கார்ட்