கேமராவை மட்டும் விட்டுவிட்டோம்

ஆசிரியருக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது, ஹைடெக் லேப் வந்தது என்று உங்கள் இதழில் அடிக்கடி படிக்கிறேன். மகிழ்ச்சிதான். அந்த போர்டின் முன்னால் நாளை நிற்கப்போகிற பி.எட். மாணவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வருபவர்களில் கணக்குக்காரர்களுக்கு நான்தான் வழிகாட்டி ஆசிரியை. அதனால் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெண் தன் ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) ரெக்கார்டு நோட்டைக் காட்டினாள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் திரையை ஸ்கேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று அம்புக்குறி போட்டிருந்தாள். அழகான படம். "இதைத் திறந்து பார்த்திருக்கியாம்மா?" என்றேன். "இல்லைங்க மிஸ், சீனியர் அக்கா ரெக்கார்டைப் பார்த்து வரைஞ்சது" என்றாள். இலவச மென்பொருள் அது. அவள் பையில் இருந்த போனிலேயே ஓடும். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையை விட்டு நகராது. அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டாமல் படம் வரைந்து மதிப்பெண் வாங்குவதற்கா ஒரு தாள்?

அவளைக் குறை சொல்லவில்லை. பி.எட். 2015-16 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பானது. என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அதற்காக வகுத்ததில் பள்ளிப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரம். தகவல் தொழில்நுட்பத்தை விமர்சன நோக்கோடு அறிய ஒரு தனித் தாள். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. என்னிடம் வருபவர்களின் நோட்டில் அந்த 'விமர்சன நோக்கு' பவர்பாயிண்ட் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

எனக்கு இதைவிட உறுத்துவது இன்னொன்று. நுண்ணிலைக் கற்பித்தல் என்று பி.எட். முடித்த எல்லோரும் செய்திருப்போம். தோழிகள் ஐந்தாறு பேர் பிள்ளைகளாக நடிக்க, ஐந்து நிமிடப் பாடம். அப்புறம் விமர்சனம், மறுபடி பாடம். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர் சகாக்களும் தொடங்கியது இது. பாடத்தை வீடியோவில் பதிந்து, எடுத்தவருக்கே போட்டுக் காட்டுவது அங்கே முக்கியமான அங்கம். நாம் சுழற்சியை எடுத்துக்கொண்டோம், உற்றுநோக்கல் படிவத்தை எடுத்துக்கொண்டோம், கேமராவை விட்டுவிட்டோம். அன்று காசில்லை, சரி. இன்று?

அந்தப் பெண்ணிடம் போனைக் கடைசி ஜன்னல் திட்டில் வைக்கச் சொன்னேன். கரும்பலகையும் அவளும் மட்டும் தெரிய, 12 நிமிடம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். கேள்வி கேட்கிறாள், மூச்சு விடுவதற்குள் அவளே பதிலையும் சொல்லிவிடுகிறாள். ஏழு முறை எண்ணினாள். எட்டாவதில் போனைக் கவிழ்த்துவிட்டாள். நான் ஒரு வாரமாகச் சொல்லியும் ஏறாதது அது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் கண்டதும் இதைத்தான்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது. மறுநாள் இவளும் மனதுக்குள் மூன்று எண்ணினாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. (அந்தக் கை சொன்ன விடை தப்பு. பரவாயில்லை.)

பிள்ளைகள் முகம் விழக்கூடாது, பார்த்ததும் அழித்துவிட வேண்டும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பக்கமே போகக்கூடாது என்பதெல்லாம் கண்டிப்பாக வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கையில் போனைப் பார்த்தாலே சந்தேகப்படுகிற தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை தேவைப்படும்.

பல்கலைக்கழகத்திடம் நான் கேட்பது சின்ன மாற்றம். ஐ.சி.டி. ரெக்கார்டுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள்: பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு பதிவு, முடிவில் ஒரு பதிவு, இரண்டையும் பார்த்து மாணவரே எழுதும் இரண்டு பக்கம். பதிவை வழிகாட்டி ஆசிரியர் கூட உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். கல்லூரிக்கு அந்த இரண்டு பக்கம் மட்டும் போகட்டும். அதில் ஜியோஜீப்ரா படம் யாரும் வரைய வேண்டாம்.

— கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்