பீம் ஜெயிக்கட்டும், ஆனால் இவ்வளவு சுலபமாகவா?

ஹைதராபாத்தில் உட்கார்ந்து சோட்டா பீம் கார்ட்டூனுக்குக் கதை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். 2008-ல் போகோ சேனலில் உங்கள் பையன் வந்த புதிதில் அவனை வாய்பிளந்து பார்த்த குழந்தைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பொடிசுகள் இன்றைக்கும் அதே பீமைத்தான் பார்க்கின்றன. பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில், பிறந்தநாள் கேக் என்று எதைத் திருப்பினாலும் ஆரஞ்சு வேட்டியோடு நிற்கிறான். தமிழிலும் பேசுகிறான். ஜப்பான்காரர்களும் அமெரிக்கர்களும் ஆண்டுகொண்டிருந்த குழந்தைகள் டிவியில் நம் ஊர்ப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க வைத்தது லேசான காரியமில்லை. அவனை உருவாக்கிய ராஜீவ் சிலகாவுக்கும் அவருடைய கிரீன் கோல்ட் நிறுவனத்துக்கும் அந்தப் பெருமை என்றும் உண்டு. அதில் கைவைக்க நான் வரவில்லை.

என் புகார் ஒன்றே ஒன்றுதான். பீம் ரொம்பச் சுலபமாக ஜெயித்துவிடுகிறான்.

பெரும்பாலான கதைகள் எப்படிப் போகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொள்ளைக்காரனோ மந்திரவாதியோ பீமின் ஊரான டோலக்பூருக்குள் நுழைகிறான். இந்திரவர்மா மகாராஜா கையைப் பிசைகிறார். படைவீரர்கள் விழுந்தடித்து ஓடுகிறார்கள். (இப்படி ஒரு படையை வைத்துக்கொண்டு அந்த ராஜா எப்படி இன்னும் சிம்மாசனத்தில் இருக்கிறார் என்பது தனி ஆச்சரியம்.) பீம் வருகிறான், இரண்டு அடி வாங்குகிறான். அவன் தோழி சுட்கி ஒரு லட்டைத் தூக்கிப் போடுகிறாள். வாயில் பிடித்து விழுங்குகிறான், கை புடைக்கிறது, எதிரி ஆகாயத்தில் பறக்கிறான். முடிந்தது கதை.

என் அக்கா பையனுக்கு ஏழு வயது. பீம் ரசிகன். ஆனால் சண்டை வரும்போது அவன் டிவியைப் பார்ப்பதில்லை. தரையில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் பீமை யாரோ சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த நேரத்தில், "என்னடா, பீம் மாட்டிக்கிட்டான், உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். "இன்னும் லட்டு சாப்பிடலையே மாமா" என்றான். தலையைக்கூடத் தூக்கவில்லை. லட்டு வந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினான்.

இந்தப் பதிலை வைத்து அவனைக் கெட்டிக்காரன் என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட மோசமான விமர்சனம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. லட்டுக்கு முன்னால் நீங்கள் எழுதியதெல்லாம் அவனுக்கு வெறும் காத்திருப்பு நேரம்.

சின்னக் குழந்தைகளுக்கு ஒரே மாதிரிக் கதைதான் பிடிக்கும், முடிவு தெரிந்திருந்தால்தான் நிம்மதியாகப் பார்க்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். பாப்பாய்கூடத்தான் கீரை தின்று ஜெயித்தான் என்றும் சொல்லலாம். சரி. ஆனால் அங்கே கீரை டப்பா அவன் வாய்க்கு எப்படிப் போய்ச் சேரப்போகிறது என்பதே ஒரு வேடிக்கை. கையும் காலும் கட்டிக் கிடக்கும்போது அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். உங்கள் லட்டு பாதிக்கு மேல் கதைகளில் சும்மா பறந்து வருகிறது.

முடிவு தெரிந்திருப்பது தப்பே இல்லை. நம் கதைகள் எல்லாமே முடிவு தெரிந்த கதைகள்தான். உங்கள் பையனுக்கு எந்தப் பீமனின் பெயரை வைத்தீர்கள் என்பது ஊரறிந்தது. அந்தப் பீமனும் சாப்பாட்டு ராமன்தான். அவன் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட்ட கதையும் இருக்கிறது. பகாசுரன் கதையைச் சொல்கிறேன்.

ஏகசக்கர நகரத்தில் பாண்டவர்கள் வேஷம் மாற்றி, பிச்சை எடுத்துச் சாப்பிட்டு ஒளிந்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் பகாசுரனுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து ஒரு வண்டிச் சோறும் இரண்டு எருமையும் அனுப்ப வேண்டும். ஓட்டிப் போகிற ஆளும் அவனுக்கு இரைதான். இவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டின் முறை வருகிறது. உள்ளே அழுகைச் சத்தம். நான் போகிறேன் என்கிறார் அப்பா. நீங்கள் போனால் இந்தப் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது, நான் போகிறேன் என்கிறாள் அம்மா. எப்படியும் ஒருநாள் என்னை இன்னொரு வீட்டுக்கு அனுப்பத்தானே போகிறீர்கள், என்னையே அனுப்புங்கள் என்கிறாள் மகள். இன்னும் சரியாகப் பேச்சு வராத குட்டிப் பையன் ஒரு புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இதாலேயே அந்த ராட்சசனைக் கொன்றுவிடுவேன் என்று மழலையில் சொல்கிறான். அத்தனை அழுகையிலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் குந்தி உள்ளே வருகிறாள். பீமனை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறாள். அதைக் கேட்டுத் தருமன் அம்மாவிடமே கோபித்துக்கொள்கிறான். பீமன் பலத்தை நம்பித்தானே நாம் எல்லோரும் தூங்குகிறோம், அவனைத் தூக்கிக் கொடுக்கலாமா என்கிறான்.

இத்தனைக்கும் பிறகு சண்டை எப்படி நடக்கிறது? பீமன் வண்டியை நிறுத்திவிட்டு, பகாசுரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே அவனுக்கு வந்த சோற்றைத் தான் சாப்பிட ஆரம்பிக்கிறான். பகாசுரன் ஓடிவந்து பீமன் முதுகில் இரண்டு கையாலும் குத்துகிறான். பீமன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முழுசையும் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டுதான் எழுந்திருக்கிறான். அப்புறம் முதுகை ஒடிக்கிறான். பார்த்தால், அவனும் சுலபமாகத்தான் ஜெயிக்கிறான்! ஆனால் அந்தக் கதை யாருக்காவது சுலபமாகத் தெரிகிறதா? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது பீமன் வேஷக்காரர் சோற்று வண்டியில் ஏறித் தெருவில் வருவார். ஜனங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். பகாசுரன் செத்துப்போவான் என்று தெரியாதவர் யாரும் அந்தத் தெருவில் இல்லை. இருந்தும் கூட்டம் கூடுகிறது. அந்த வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டவர்களுக்குப் பீமன் வாயில் போடும் ஒவ்வொரு உருண்டையும் ஒரு திருப்தி.

ஆக, லட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. லட்டு வருவதற்கு முன்னால் டோலக்பூரில் யாராவது ஒருவர் நிஜமாகவே பயப்படட்டும். மகாராஜா கையைப் பிசைவது பயமில்லை, அது ஒரு போஸ். டுன்டுன் மௌசி தன் லட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகலாமா என்று யோசிக்கட்டும். பூட்டு கையில் இருக்க, அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று நிற்கட்டும். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் என் அக்கா பையன் காரை உருட்டுவதை நிறுத்துவான் என்பது என் கணக்கு.

அப்புறம், பலம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகக் கூடாது. வனவாசத்தில் அந்தப் பெரிய பீமனை ஒரு மலைப்பாம்பு சுற்றிக்கொள்கிறது. அகத்தியர் சாபத்தால் பாம்பாகிப் போன நகுஷ ராஜா அது. பீமனின் யானைப் பலம் எதுவும் அதனிடம் பலிக்கவில்லை. தேடிவந்த தருமன், பாம்பு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லித் தம்பியை மீட்டுக்கொண்டு போகிறான். இன்னொரு தடவை, வழியில் படுத்திருந்த கிழக்குரங்கின் வாலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து முடியாமல் வெட்கப்பட்டு நிற்கிறான், அது அனுமார். கடைசிச் சண்டையில்கூட துரியோதனன் பயிற்சியில் இவனைவிடக் கெட்டிக்காரன். பதின்மூன்று வருஷம் இரும்பில் பீமன் உருவம் செய்து வைத்து அதை அடித்துப் பழகியவன் அவன். இத்தனை இடத்தில் சறுக்கிய பிறகும் பீமன் என்றால் பலசாலி என்றுதான் ஊர் சொல்கிறது. உங்கள் பீம் நாலு கதையில் தோற்றால் அவன் பேர் ஒன்றும் கெட்டுப்போகாது.

நகுஷன் மாதிரி ஒரு கதை உங்களுக்கு அல்வா மாதிரி. லட்டு சாப்பிட்டும் விடுபட முடியாத இடத்தில் பீம் மாட்டிக்கொள்ளட்டும். சுட்கியோ அவன் குட்டி நண்பன் ராஜுவோ மூளையைப் போட்டு அவனை வெளியே கொண்டுவரட்டும். இப்போது சுட்கிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் முக்கிய வேலை லட்டு சப்ளை. அவள் துணிச்சல்காரி என்று காட்டிய கதைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சண்டை சூடுபிடித்ததும் அவள் கை மறுபடி லட்டு மூட்டைக்குத்தான் போகிறது. ஜக்கு குரங்குக்கு அதுவுமில்லை.

சொல்லப்போனால், டோலக்பூரில் எனக்குப் பிடித்த ஆள், பீமோடு எப்போதும் போட்டி போடும் காலியாதான். ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு கதையிலும் ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்படுகிறவன் அவன். போட்டியில் ஜெயிக்க வேண்டும், ராஜகுமாரி இந்துமதி தன்னைப் பாராட்ட வேண்டும், ஊர் தன்னை ஒருநாளாவது பீமுக்குச் சமமாகப் பார்க்க வேண்டும். அதற்குத் திட்டம் போடுகிறான். கோணல் திட்டம்தான். டோலுவையும் போலுவையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறான், மாட்டிக்கொள்கிறான், சேற்றில் விழுகிறான். அடுத்த கதையில் மறுபடி கிளம்பிவிடுகிறான். ஆசை, முயற்சி, தோல்வி, அவமானம், மறுபடி ஆசை. ஒரு கதாநாயகனுக்கு வேண்டியதெல்லாம் உங்கள் வில்லன் பையனிடம் கொட்டிக் கிடக்கிறது. பீமிடம் என்ன இருக்கிறது? பலமும் நல்ல குணமும். இரண்டுமே அவன் பிறக்கும்போதே கொண்டுவந்தவை.

முயற்சி பண்ணுகிறவனைப் பார்த்துச் சிரிக்கவும், முயற்சி தேவைப்படாதவனுக்குக் கைதட்டவும் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் நினைத்துச் செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். கதை அந்தப் பள்ளத்தில் தானாகப் போய் விழுந்திருக்கிறது.

இதே குழந்தைகள் பார்க்கும் டோரேமானை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் ஜப்பானில் சித்திரக்கதையாகத் தொடங்கியது. அங்கேயும் நோபிதா என்ற பையனுக்கு எல்லாம் சுலபமாகத்தான் கிடைக்கிறது. அழுதுகொண்டு வந்து நின்றால் டோரேமான் என்ற ரோபோ பூனை தன் பையில் கையை விட்டு ஒரு கருவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கருவி கிடைத்தபின்தான் கதையே சூடுபிடிக்கும். பேராசையில் அவன் அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவான், கடைசியில் அதுவே அவனைக் கடிக்கும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதே வசதி, அதே வயது ரசிகர்கள். உங்களிடம் கதை முடிகிற இடத்தில் அவர்களிடம் ஆரம்பிக்கிறது.

உங்கள் சிரமமும் புரிகிறது. பத்துப் பதினோரு நிமிடத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். எந்தக் கதையை எந்த வரிசையில் போட்டாலும் புரிய வேண்டும், ஆகவே கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். அடுத்த வாரமும் கதை கேட்பார்கள். இந்த நெருக்கடியில் லட்டு ஒரு வரம். எழுதுகிறவர் முட்டுச்சந்தில் போய் நின்றாலும் கதவைத் திறந்துவிடும்.

ஆனால் வேறு மாதிரியும் உங்களால் முடியும் என்பதற்கு உங்கள் கையிலேயே சாட்சி இருக்கிறது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த கைக்குழந்தை பீமைத்தான் சொல்கிறேன். பேச்சே கிடையாது. அதே அசுர பலம், அதே லட்டு ஆசை. ஆனால் அங்கே லட்டு அவனுக்கு ஆயுதம் இல்லை, தின்பண்டம், அவ்வளவுதான். அவன் பலமோ அவனைக் காப்பாற்றுவதைவிட மாட்டிவிடுவதுதான் அதிகம். தவழ்கிற குழந்தைக்கு எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியுமா? வார்த்தையே இல்லாததால் உலகத்தில் எந்த மூலைக் குழந்தைக்கும் அது புரிகிறது. எங்கள் வீட்டில் அதைப் பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வளர்ந்த பீமுக்கு அந்தச் சலுகை இல்லை, டிவியில் அவன் கதை ஓடும்போது அக்கா சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஆகவே கேட்பது இதுதான். வருஷத்துக்கு நாலைந்து கதையாவது லட்டு தீர்வாக வராத கதையாக எழுதுங்கள். அதில் ஒன்றில் காலியாவை ஜெயிக்க விடுங்கள். ஏமாற்றி அல்ல, நேர்மையாக. ஒரு நீச்சல் போட்டி என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் தெரியாமல் விடிகாலையில் ஏரிக்குப் போய்ப் பழகியிருக்கிறான். பீம் நன்றாகத்தான் நீந்துகிறான், இருந்தாலும் ஒரு கை தூரத்தில் தோற்கிறான். ஊருக்கு யாரைப் பார்த்துக் கைதட்டுவது என்று தெரியவில்லை. டோலுவும் போலுவும்கூட நம்பாமல் நிற்கிறார்கள். பீம் முகத்தில் அப்போது என்ன வரைவீர்கள்? அதை வரைவதற்கு உங்கள் ஓவியர்களுக்கே ஆசையாக இருக்கும். எங்களுக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மற்ற கதைகளில் வழக்கம்போல எதிரிகள் ஆகாயத்தில் பறக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அன்புடன்,
ஒரு பீம் ரசிகனின் தாய்மாமன்