வாழைப்பழக் கிரீம் பை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் எங்கள் பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் "வாழைப்பழக் கிரீம் பை" என்று அட்டை எழுதி வைத்த முதல் நாள், ஆரையம்பதியிலிருந்து வந்த அம்மா ஒருவர் அதை நின்று வாசித்துவிட்டு, "தம்பி, பழம் வாங்கினால் பையும் சேர்த்தா தருவீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. ஆங்கிலத்தில் பை (pie) என்றால் மாவில் சுட்ட ஓட்டுக்குள் இனிப்பு நிரப்பிய பண்டம். தமிழில் பை என்றால் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான். பெயரை மாற்றலாம் என்று யோசித்தோம். கேக் என்று எழுத முடியாது, புடிங் என்றும் எழுத முடியாது. கடைசியில் பை பையாகவே இருந்துவிட்டது. அந்த அம்மா இப்போது மாதம் ஒரு தடவையாவது வாங்குகிறார். வரும்போது தன் கூடையையும் மறக்காமல் கொண்டுவருகிறார்.

ஏன் இது தினமும் கிடைப்பதில்லை, ஏன் முதல் நாளே சொல்ல வேண்டும், ஏன் அன்றைக்கே சாப்பிடச் சொல்கிறீர்கள் என்று பலர் கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: இந்தப் பண்டம் யாருக்காகவும் காத்திராது. அது ஏன் என்று சொல்லப் போனால் செய்முறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். "செய்முறையை ஊருக்கே கொடுத்துவிட்டால் வியாபாரம் என்ன ஆவது?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு தடவை செய்து பார்த்தவர்கள் அடுத்த தடவை நம்மிடம்தான் வருவார்கள் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

இது அமெரிக்கர்களின் பண்டம். அடியில் பட்டரும் கோதுமை மாவும் சேர்த்துச் சுட்ட மொறுமொறுப்பான ஓடு. அதற்குள் வாழைப்பழத் துண்டுகளும் பாலில் காய்ச்சிய கஸ்டர்ட்டும். மேலே அடித்த கிரீம். 1876 இல் பிலடெல்பியா நகரில் நடந்த பெரும் கண்காட்சியில் வாழைப்பழத்தை வெள்ளீயத் தாளில் சுற்றி அதிசயப் பொருளாக விற்றார்களாம். கலியாண வீட்டு வாசலில் குலையோடு மரத்தையே வெட்டிக் கட்டுகிற நமக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிடைத்தற்கரிய பழம் என்று நினைத்தபடியால்தான் அவர்கள் அதைப் பாலும் முட்டையும் பட்டருமாக இவ்வளவு செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள் போலும்.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கல்லடியில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் பை ஒன்று அனுப்பினோம். கடையை விட்டுப் போகும்போது நல்ல கட்டியாக இருந்தது. இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. வெட்டிய இடத்தில் கஸ்டர்ட் கஞ்சியாக ஓடி, மேசை விரிப்பு முழுவதும் பரவிவிட்டதாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வெட்கம் மட்டும் போகவில்லை. குளிர் போதவில்லை என்று நினைத்து அடுத்ததை இரண்டு மடங்கு நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். அதுவும் இளகியது. சோள மாவைக் கூட்டினோம். அது பசை மாதிரி வந்தது.

காரணம் அடுப்பில் இருந்தது. கஸ்டர்ட்டைக் கட்டியாக்குவது சோள மா. முட்டையின் மஞ்சட்கருவிலோ மாப்பொருளைத் தின்கிற நொதியம் ஒன்று இருக்கிறது. கஸ்டர்ட் தடித்ததும் "வந்துவிட்டது" என்று இறக்கினால் அந்த நொதியம் சாகாமல் உள்ளே இருந்துகொண்டு மணிக்கணக்கில் மாவை அரித்துக்கொண்டே இருக்கும். காலையில் கட்டி, மாலையில் கஞ்சி. நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் அது சாகும். நாங்கள் ஏன் முன்னரே இறக்கினோம்? வட்டிலப்பம் செய்து பழகிய கை. வட்டிலப்பம் முட்டையால் மட்டும் இறுகுவது. தீ கூடினால் துளை விழுந்து தண்ணீர் விட்டுவிடும் என்ற பயம் கையிலேயே ஊறிப்போயிருந்தது. கஸ்டர்ட்டில் அந்தப் பயம் வேண்டியதில்லை. மாப்பொருள் கூட இருப்பதால் முட்டை திரைந்துபோகாது. இப்போது கொப்பளம் "பொளக் பொளக்" என்று வெடிக்கத் தொடங்கிய பின் அறுபது வரை எண்ணிவிட்டுத்தான் இறக்குகிறோம். சமையலறையில் யார் எண்ணினாலும் வெளியே வாடிக்கையாளருக்குக் கேட்கும். அது எங்கள் மந்திரம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிச் செய்முறை. ஒன்பது அங்குலத் தட்டு ஒன்றுக்கு அளவு சொல்கிறேன்.

ஓட்டுக்கு 175 கிராம் கோதுமை மா, 115 கிராம் பட்டர், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டி, விரல் நுனியால் மாவோடு தேய்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது. பிட்டுக்குக் குழைத்த மா உதிர்வது போல உதிர வேண்டும். இடையிடையே கடலைப் பருப்பு அளவில் பட்டர்த் துண்டுகள் தெரிந்தால் இன்னும் நல்லது. போறணைச் சூட்டில் அவை உருகி, அவற்றில் உள்ள ஈரம் ஆவியாகி மாவைத் தூக்கும்போதுதான் ஓடு அடுக்கடுக்காக உதிரும். அதற்கு முன்பே கையில் பட்டர் உருகிவிட்டால் ஓடு பிஸ்கட் போலக் கெட்டியாகிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த ஊரில் காலை பத்து மணிக்கே பட்டர் எண்ணெயாகிவிடுகிறது. அதனால் நாங்கள் அதிகாலை நான்கு மணிக்கு, பாண் போறணை மூட்ட முன்னரே, இந்த வேலையை முடித்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் நான்கு மணிக்கு எழும்பச் சொல்லமாட்டேன். மா, கிண்ணம் எல்லாவற்றையும் அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் போதும்.

ஐஸ் தண்ணீரைத் தெளித்துப் பிடித்துக் குளிரில் ஒரு மணித்தியாலம் வைத்து, பிறகு உருட்டித் தட்டில் விரியுங்கள். மேலே எண்ணெய்த் தாள் போட்டுக் காய்ந்த கௌபியால் நிரப்பி, 190 பாகை செல்சியஸில் இருபது நிமிடம். பாரம் இல்லாவிட்டால் ஓடு நடுவில் பொங்கி, ஓரம் சரிந்துவிடும். தாளையும் கௌபியையும் எடுத்துவிட்டு, பொன்னிறம் தாண்டி மண்ணிறம் எட்டிப் பார்க்கும் வரை இன்னும் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் சுட வேண்டும். வெளிறிய ஓடு ஈரத்தைக் குடித்து நமுத்துப்போகும். சூட்டோடு சூடாக உட்புறத்தில் முட்டை வெள்ளையை மெல்லப் பூசி இரண்டு நிமிடம் திரும்ப உள்ளே வைத்தால் கஸ்டர்ட் ஊறாமல் அது தடுக்கும். பயன்படுத்திய கௌபியைப் பேணியில் போட்டு அடுத்த தடவைக்கு வைத்திருங்கள். நாங்கள் ஒரு முறை ஆசைப்பட்டு அவித்துப் பார்த்தோம். மூன்று மணித்தியாலம் கழித்தும் கல்லாகவே கிடந்தது.

கஸ்டர்ட்டுக்கு 600 மில்லிலீற்றர் பால், 130 கிராம் சீனி, 40 கிராம் சோள மா, நான்கு மஞ்சட்கரு, சிறிது உப்பு, கடைசியில் 30 கிராம் பட்டரும் ஒரு தேக்கரண்டி வனிலாவும். சோள மா என்பது கடையில் கோர்ன் ஃபிளவர் என்று கேட்டு வாங்கும் வெள்ளை மா. பசும்பால் கிடைத்தால் விசேஷம். கிடைக்காவிட்டால் 600 மில்லிலீற்றர் தண்ணீரில் 75 கிராம் முழு ஆடைப் பால்மா கரைத்தாலும் சரி. சீனி, மா, உப்பு, மஞ்சட்கரு நான்கையும் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாலைச் சூடாக்கி, அதை இந்தக் கரைசலில் நூலாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் சட்டியில் திரும்ப ஊற்றி, அகப்பை அடியைச் சுரண்டியபடி, தொதல் கிண்டும் பொறுமையோடு கிளற வேண்டும். கொதித்தபின் அறுபது எண்ண மறக்காதீர்கள். இறக்கி வடித்து, பட்டரையும் வனிலாவையும் சேர்த்து, ஆடை படியாமல் மேலே பொலித்தீன் தாளை ஒட்டினாற்போலப் போட்டு வையுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே ஓட்டில் ஊற்றிவிட வேண்டும். முற்றாக ஆறி இறுகியதைக் கிளறினால் கட்டு உடைந்து தளர்ந்துவிடும்.

இனிப் பழம். இதில்தான் எங்களுக்குள் சண்டையே. அமெரிக்கச் செய்முறைகள் எல்லாம் நீளமான கெவண்டிஷ் பழத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதற்கு நெருங்கியது நம் ஆனைவாழை. மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் அரை நாளில் குழைந்துவிடும். புளிப்புக் கதலி பாலோடு ஒத்துப்போகாது. எங்கள் தெரிவு கோழிக்கூட்டு. வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும், இனிப்பிலும் ஒரு சின்னப் புளிப்பு ஒளிந்திருக்கும், கஸ்டர்ட்டின் திகட்டலை அது அடக்கும். ஆனால் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். செங்காயாக வெட்டினால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். விலையும் கூட. வாழைச்சேனை என்று பெயரிலேயே வாழையை வைத்திருக்கும் ஊர் பக்கத்தில் இருந்தும், எங்களுக்குப் பழம் பெரும்பாலும் எம்பிலிப்பிட்டியப் பக்கமிருந்து லொறியில்தான் வருகிறது. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைத் தோட்டங்களில் இருந்தும் சில குலைகள் கிடைக்கும். யானை முந்திக்கொள்ளாத வாரங்களில் மட்டும்.

மூன்று நான்கு பழங்களைக் கால் அங்குலக் கனத்தில் வெட்டுங்கள். வெட்டிய உடனே வேலை முடிய வேண்டும், ஏனென்றால் காற்றுப் பட்டால் கறுக்கத் தொடங்கும். சிலர் தேசிக்காய்ச் சாறு தடவுவார்கள். எனக்கு அது பிடிக்காது, கஸ்டர்ட்டில் புளிப்பும் தண்ணீரும் இறங்கும். அடியில் மெல்லிய கஸ்டர்ட், மேலே பழம், திரும்பக் கஸ்டர்ட், திரும்பப் பழம், எல்லாவற்றையும் மூடிக் கஸ்டர்ட். காற்றுப் படாமல் மூடிவிட்டால் பழம் நிறம் மாறச் சுணங்கும். நான்கு மணித்தியாலம் குளிரில் வையுங்கள். பரிமாறப் போகும் நேரத்தில்தான் 250 மில்லிலீற்றர் கிரீமை இரண்டு மேசைக்கரண்டி ஐசிங் சீனியோடு அடித்து மேலே போட வேண்டும். கிண்ணமும் அடிப்பானும் இருபது நிமிடம் பிரீசரில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீம் பொங்காது. வெயிலிலும் சரியாமல் நிற்கும் தாவர எண்ணெய்க் கிரீம் கடைகளில் உண்டு. அதை வாயில் வைத்துப் பார்த்தேன். மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல இருந்தது. நாங்கள் அதைப் போடுவதில்லை.

போறணை இல்லாதவர்கள் 200 கிராம் மாரி பிஸ்கட்டைப் பொடித்து 90 கிராம் உருக்கிய பட்டரில் பிசைந்து தட்டில் அழுத்திக் குளிர வைத்தாலும் பை பைதான். அந்த பிஸ்கட் அடியை ஓடு என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் ஹலாலா என்று கேட்பதற்காக: இதில் ஜெலற்றின் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. வனிலாவும் மதுசாரம் சேராத வகைதான் வாங்குகிறோம், போத்தலைக் கேட்டால் காட்டுவோம். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர்களுக்கு முட்டையில்லாப் பையும் செய்து தரலாம். முதலே சொல்லிவிடுங்கள். சோள மாவை 50 கிராமாகக் கூட்டி, பட்டரையும் கொஞ்சம் கூட்டுவோம். நிறம் வெளிறியிருக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

கல்முனை, அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் கொண்டுபோகலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டத்தை நம் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. தூரத்தில் உள்ளவர்கள் சுட்ட வெறும் ஓட்டை மட்டும் பெட்டியில் வாங்கிக்கொண்டு போகலாம், இறுக்கி மூடினால் மூன்று நாள் மொறுமொறுப்புக் குறையாது. மிச்சத்துக்கு இந்த மடல் உங்கள் கையில் இருக்கிறது. நகருக்குள் இருப்பவர்களுக்கு வெள்ளியும் சனியும் மட்டும், முதல் நாள் மதியத்துக்குள் சொன்னால், மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்குப் பின் முழுப் பை கிடைக்கும். 2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில் நாங்கள் இதைச் செய்யவே இல்லை. இனியும் மின்சாரம் நீண்ட நேரம் போகும் நாளில் செய்ய மாட்டோம், முற்பணத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.

கடைசியாக ஒன்று. கண்ணாடித் தட்டோடு பை வாங்கிப் போனவர்களிடம் எங்கள் தட்டுகள் 11 இன்னும் இருக்கின்றன. யாரிடம் என்று எங்களுக்குத் தெரியும், கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. அடுத்த தடவை இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள். கழுவாமல் தந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் பேக்கரிக்காரர்,
மட்டக்களப்பு