அட்வான்ஸ் கட்டிவிடாதே

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, புதிதாக ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை "பி.எட். படிக்கலாம்னு இருக்கேன்ப்பா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் கவின்தான் எடுக்கிறான். "அம்மா வேலையா இருக்காங்க தாத்தா" என்கிறான். வாட்ஸ்அப்பில் அந்த ஏஜென்ட் நோட்டீஸ் மட்டும் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிறகு. அந்த ஆளுக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிடாதே.

"கல்லூரிக்கு வரத் தேவையில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று போட்டிருக்கிறான். அந்த ஒரு வரியே போதும், நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடலாம். 2015-லிருந்து பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் என்.சி.டி.இ.யின் விதிப்படி வருஷத்துக்கு 200 வேலைநாள். வகுப்புக்கு 80 சதவீதம் வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90. அந்தப் பயிற்சியே 20 வாரம்: முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. வரவே வேண்டாம் என்கிறவன் இந்த 20 வாரத்தை எந்தப் பள்ளியின் சீலைக் குத்திக் காட்டுவான்? படிக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். வேலைக்குத் தேர்வாகி சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்காரும்போதுதான் கேட்பார்கள். அப்போது ஏஜென்ட்டின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

அவன் ஏன் வெளிமாநிலக் கல்லூரியைக் காட்டுகிறான் என்று யோசித்தாயா? பொதுவான விதியில் 50 சதவீதத்தோடு ஒரு பட்டம் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் முதுகலைப் பட்டத்தில் 50 சதவீதம் வாங்கியிருந்தால்தான் பி.எட். சேர்க்கை. உன்னுடைய வெறும் பி.காமை வைத்துக்கொண்டு இங்கே விண்ணப்பமே போட முடியாது. இதை அவன் சொல்ல மாட்டான். இத்தனை வருஷம் சேர்க்கைப் பிரிவில் உட்கார்ந்திருந்த அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தபால் வழியிலேயே பி.எட். இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருக்கிறது. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ நடத்துகிறது, முறையானதுதான். ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு: பயிற்சி பெற்று தொடக்கப் பள்ளியில் வேலையில் இருப்பவர்கள், அல்லது நேரில் போய் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். உனக்கு அந்தக் கதவு இல்லை.

டெட் கைடு வாங்கி வைத்திருக்கிறாய் என்று கவின் சொன்னான். அதை மூடி வை. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் நடத்துகிறவர்களுக்கு. ஆறிலிருந்து பத்து வரை வணிகவியல் என்று ஒரு பாடமே கிடையாது. அதனால் உன் பாடத்தில் பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசை என்று முன்பு சொல்வாய். பி.எட். வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரைக்கான ஆசிரியராக முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. உனக்கு இருப்பது பதினொன்று, பன்னிரண்டு மட்டும்தான். எம்.காம்., பி.எட்., அதற்கப்புறம் டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு. அதற்கு டெட் வேண்டாம். 150 மதிப்பெண்ணில் 110 உன் பாடத்திலிருந்து, 30 கல்வியியல், 10 பொது அறிவு. தனியாக ஒரு தமிழ்த் தகுதித் தாள், 50-க்கு 20 வாங்கினால்தான் மற்றதைத் திருத்துவார்கள். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் 198 வாங்கியவள் நீ. அந்த 110-ஐப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மாப்பிள்ளையின் தொழில் யூனிட்டின் கணக்கு இத்தனை வருஷம் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

வயதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. பி.எட். சேர்க்கைக்கு வயது வரம்பு இல்லை. டி.ஆர்.பி. 2023-லும் அதற்குப் பிறகும் விட்ட அறிவிப்புகளில் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. நீ நாற்பதில் முடித்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் கையில் இருக்கும்.

எம்.காமை வீட்டிலிருந்தே முடிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, இக்னோவிலும் இருக்கிறது. எது என்றாலும் யு.ஜி.சி.யின் தொலைநிலைப் பட்டியலில் அந்த வருஷத்துக்கு அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. சேர ஏபிசி ஐடியும் (படிப்பின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) டெப் ஐடியும் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) எடுக்க வேண்டும், இரண்டுக்கும் அடிப்படை ஆதார். இங்கேதான் உனக்கு இடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்தாய். உன் மார்க் ஷீட் எல்லாவற்றிலும் என் இனிஷியல். முதலில் ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மாற்று. இல்லாவிட்டால் எம்.காம். பட்டத்தில் ஒரு பெயரும் பி.காமில் ஒரு பெயருமாக வந்து, பி.எட். சேரும்போது கெசட் வரைக்கும் அலைய வேண்டும். சாதிச் சான்றிதழ் பிறந்த வீட்டுப்படிதான், அதை மாற்றத் தேவையில்லை. ஒரிஜினல் பீரோவில் இருக்கிறது.

அசைன்மென்ட்டைத் தேதிக்குள் கொடுத்துவிடு. தபால் வழியில் படிக்கிறவர்கள் பரீட்சையில் கோட்டை விடுவதைவிட இதில்தான் அதிகம் விடுகிறார்கள். அசைன்மென்ட் மார்க் ஏறாவிட்டால் முடிவு நிற்கும். முடிவு நின்றால் புரொவிஷனல் வராது, டி.சி. வராது. அதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்து ஒரு வருஷம் போய்விடும்.

பி.எட்.டுக்குக் கல்லூரி பார்க்கும்போது நோட்டீஸையும் பார்க்காதே, கட்டடத்தையும் பார்க்காதே. சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போய் நில். இரண்டாம் வருஷ வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணு. ஒரு யூனிட் என்பது 50 பேர். இரண்டு யூனிட் நடத்துகிற கல்லூரியில் 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அதில் வணிகவியல் கற்பித்தலுக்கு யார் என்று பெயரைக் கேள். பல இடங்களில் அந்தப் பாடத்துக்குத் தனி ஆள் இருக்க மாட்டார். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அங்கே பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு இருக்கிறதா என்றும் கேள். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டு, அவர்களிடம் விட்டுவிட்டு வராதே. பாதியில் நிற்க நேர்ந்தால் அதைத் திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

உள்ளே போனபின் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று கூச்சம் இருக்கும். மைக்ரோ டீச்சிங் என்கிற குட்டிப் பாடப் பயிற்சி தொடங்கியதும் அது போய்விடும். ஒரே ஒரு திறன், ஆறு நிமிஷம். கேள்வி கேட்கும் திறன் என்றால் அது மட்டும்தான். இரட்டைப் பதிவு முறையை எடுத்துக்கொள். "ரொக்கத்துக்குச் சரக்கு வாங்கினால் எந்தக் கணக்கு பற்று?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும் வரை பொறுக்க வேண்டும். நாம் பொறுக்க மாட்டோம், பதிலையும் நாமே சொல்லிவிடுவோம், அங்கேதான் மார்க் போகும். அடுத்த ஆறு நிமிஷம் குறைநிறை சொல்வார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் திருத்தி எழுதி, மறுபடி ஆறு நிமிஷம் நடத்தி, மறுபடி ஆறு நிமிஷம் கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 36 நிமிஷம். பயிற்சி ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கே எழுதிவிடு. கடைசி வாரத்தில் விடிய விடிய எழுதுகிறவர்கள் வீட்டில் குழந்தை இல்லாதவர்கள்.

இரண்டாம் வருஷப் பள்ளிப் பயிற்சியின் 16 வாரமும் பள்ளி மணி அடிக்கும் முன் நீ அங்கே இருக்க வேண்டும். கவினை யார் கிளப்பிவிடுவது என்று இப்போதே யோசி. அம்மா வருகிறேன் என்கிறாள், முழங்கால் வலியோடு.

ஆக எம்.காமுக்கு இரண்டு, பி.எட்.டுக்கு இரண்டு, நாலு வருஷம். அதற்கப்புறம் தேர்வு அறிவிப்பு எப்போது வருமோ. பி.எட்.டை ஒரு வருஷமாக்கப் போகிறார்கள் என்று 2025-ல் ஒரு வரைவு வந்தது, அதை நம்பிக் காத்திருக்காதே. ஆசைக்காகப் படிக்கிறாய் என்றால் தாராளமாகப் படி, நான் இருக்கிறேன். உடனே கையில் பணம் வேண்டும் என்பதற்காக என்றால் இது வழி இல்லை, தேனு. உனக்கு டேலி தெரியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியும். திருப்பூரில் எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் அடுத்த மாதமே சம்பளம் வாங்கலாம், கூடவே எம்.காமும் படிக்கலாம். எது என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். யூனிட்டைப் பற்றி மாப்பிள்ளையிடம் நான் கேட்டால் நன்றாக இருக்காது. தீபாவளிக்கு வந்தபோது அவர் முகமே சரியில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்பு. அட்வான்ஸ் கட்டாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எம்.காம். பணத்தை என் பென்ஷனிலிருந்து உன் கணக்குக்கே போடுகிறேன், கூட்டுக் கணக்கு வேண்டாம். பாட்டி போட்ட அந்த ஆரம் உன்னிடம்தானே இருக்கிறது? ஆம் இல்லை என்று மட்டும் எழுது, போதும்.