மார்வெல் படங்களுக்கு வேண்டியது புதிய அண்ணாவியார்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்தில், சூப்பர் ஹீரோ படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதப்பட்டிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மார்வெல் நிறுவனத்தின் படங்கள் சரிந்திருப்பதாகக் கட்டுரையாளர் காட்டியிருப்பது உண்மையே. ஆனால் இரசிகர்களுக்கு இந்த வகைக் கதையே புளித்துப்போனதுதான் காரணம் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடசாலையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் நாடகமும் அரங்கியலும் கற்பித்தவன், இளவயதில் எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் பிற்பாட்டுப் பாடி நின்றவன் என்ற முறையில், ஒரே வீரனின் கதையை ஒரு சமூகம் எத்தனை தலைமுறைக்குச் சலிக்காமல் பார்க்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கதை சலித்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அந்தக் கதையைக் கையாண்டவர்கள் தங்கள் பொறுப்பிலிருந்து சுலபமாகத் தப்பிவிடுவார்கள்.

2008 இல் ‘அயர்ன் மேன்’ படத்தோடு தொடங்கிய இந்த வரிசை, 2019 இல் வெளிவந்த இருபத்திரண்டாவது படமான ‘எண்ட்கேம்’ வரையில் ஏறுமுகமாகவே இருந்தது. அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டொலர் வசூலித்தது. அதே வருடம் ‘கெப்டன் மார்வெல்’ 110 கோடி டொலரைத் தாண்டியது. அதன் தொடர்ச்சியாக 2023 இல் வந்த ‘த மார்வெல்ஸ்’ சுமார் 20 கோடி டொலரோடு நின்றுவிட்டது. இடையில், 2021 ஆம் ஆண்டில் மட்டும் நான்கு படங்களும், டிஸ்னி பிளஸ் தளத்துக்கென ஐந்து தொடர்களும் இந்த ஒரே கதைக்குடும்பத்திலிருந்து வந்து குவிந்தன. மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் அப்போதைய தலைவர் பொப் ஐகர் 2024 இல், இனி வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று படங்களும் இரண்டு தொடர்களுமே வரும் என்று அறிவித்தார். குறைத்தது நல்லதுதான். ஆனால் உலையில் அரிசியைக் குறைத்துப் போடுவதால் சோற்றின் ருசி மாறிவிடுவதில்லை.

சென்ற பாடசாலை விடுமுறையில் என் தங்கையின் மகன் எங்கள் வீட்டில் வந்து நின்றான். பதினாறு வயது, இந்தப் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். இருவருமாக ‘இன்பினிட்டி வோர்’ படத்தைத் தமிழ்க்குரலில் பார்த்தோம். அதன் கடைசியில், ஸ்பைடர்மேனாக வரும் பையன் தன் ஆசானைக் கட்டிப்பிடித்து, தனக்குப் போக விருப்பமில்லை என்று கெஞ்சியபடியே சாம்பலாக உதிர்ந்து போவான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவனோ கச்சான் கோதை உடைத்துக்கொண்டே, “யோசிக்காதீங்க மாமா, அவரு மறுகா வருவாரு” என்றான். பிறகு தன் கொப்பியை எடுத்துக் காட்டினான். ‘த மார்வெல்ஸ்’ படம் விளங்குவதற்கு முன்னர் எவற்றையெல்லாம் பார்த்து முடிக்க வேண்டும் என்று பின் ஒற்றையில் வரிசையாக எழுதி, பார்த்தவற்றுக்குச் சரி போட்டு வைத்திருந்தான். அந்தப் படத்தின் மூன்று நாயகியரில் இருவருடைய கதை இரண்டு தனித் தொடர்களில்தான் வளர்ந்திருந்தது என்பதால், அந்தப் பட்டியல் இல்லாமல் அவனுக்கும் சரிவராது. பரீட்சைக்கு ஆயத்தப்படுவதுபோல் ஒரு பிள்ளை படம் பார்க்க ஆயத்தப்படுவதை அன்றுதான் கண்டேன்.

அவன் வெகு சாதாரணமாகச் சொன்ன அந்த ‘மறுகா’, அதாவது ‘திரும்பவும்’, என்ற சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. 2018 இல் வந்த அந்த ‘இன்பினிட்டி வோர்’ படத்தில் இறந்த லோகிக்கு 2021 இல் தனித் தொடர் வந்தது. அதே படத்தில் பலியிடப்பட்ட கமோராவுக்குப் பதிலாக, கடந்த காலத்திலிருந்து இன்னொரு கமோரா அடுத்த படத்துக்குள் நடந்து வந்தாள். பின்னர் பல பிரபஞ்சங்கள் என்ற வழியும் திறந்துவிடப்பட்டபின், எந்த இழப்புக்கும் அதே முகத்தோடு ஒரு மாற்றாள் கையிருப்பில் உண்டு என்பது பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு எத்தனை கோடி செலவழித்துக் கணினி வரைகலையில் ஒரு நகரத்தை இடித்துக் காட்டினாலும், கச்சான் உடைக்கும் கை நிற்காது.

கர்ணனும் வருடாவருடம் களரியில் திரும்பி வருகிறவன்தானே என்று கேட்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலைப் பனியில், வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருந்தவர்களிடையே ஒரு கிழவி, கர்ணன் விழுந்த நேரத்தில் வெற்றிலைப் பையை மடியில் போட்டுவிட்டு “ஐயோ மனே” என்று வாய்விட்டு அழுதார். அந்தக் கூத்தை அவர் நாற்பது வருடமாகப் பார்த்து வருபவர். கர்ணன் சாவான் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த முறை வேறொருவன் அதே கிரீடத்தை வைத்துக்கொண்டு வருவான் என்பதும் தெரியும். ஆனால் அன்றிரவுக் கதைக்குள் விழுந்தவன் விழுந்தவன்தான். அவனை எழுப்பிக் கொண்டுவர எவரும் எந்தக் கதவையும் திறந்து வைத்திருக்கவில்லை.

அந்த அழுகைக்குப் பின்னால், கூத்தைப் பழக்கி நெறிப்படுத்தும் ஓர் அண்ணாவியாரின் பல மாத உழைப்பு இருந்தது. ஆடுவோருக்கு அவரவர் பாத்திரத்தைப் பகிர்ந்து சட்டம் கொடுத்த நாளிலிருந்து இரவு இரவாகப் பழக்கி, சதங்கை அணிவித்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்த பிறகுதான் அரங்கேற்றம். கர்ணனுக்கு ஆடியவர் ஒரு தாளமும் பிசகாமல் ஆடி முடித்த ஓர் இரவில், எங்கள் அண்ணாவியார் மத்தளத்தின் மேல் கையை வைத்து அமர்த்திவிட்டு, “ஆட்டம் சரி மனே, கர்ணனை எங்க, காணல்ல?” என்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. அடுக்குப் பார்த்ததில் திருப்தி இல்லாமல் அரங்கேற்றம் தள்ளிப்போன வருடமும் எங்கள் ஊரில் உண்டு.

மார்வெல் நிறுவனத்திலோ நாளைக் குறித்துவிட்டுத்தான் கதைக்கு ஆள் தேடுகிறார்கள். 2022 ஜூலையில் சான் டியேகோ நகரின் சித்திரக்கதை இரசிகர் விழாவில் அவர்கள் வெளியிட்ட நெடிய அட்டவணையில், காங் என்ற வில்லனை நடுநாயகமாகக் கொண்ட, வீரர்கள் பலர் ஒன்றுசேரும் அவெஞ்சர்ஸ் படத்துக்கு 2025 மே மாதம் என்று திகதி குறித்திருந்தார்கள். காங்காக நடித்தவர் 2023 டிசம்பரில் நீக்கப்பட்டார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஒரு நடிகர் விலகியதும் பல வருடத் திட்டம் முழுவதும் சாய்ந்ததென்றால், அந்தத் திட்டத்துக்குள் கதை என்று சொல்லத்தக்கது எவ்வளவு இருந்திருக்கும்?

பின்னர் அவர்கள் செய்தது எனக்கு இன்னும் பெரிய மனவருத்தத்தைத் தந்தது. 2024 ஜூலையில் அதே சான் டியேகோ மேடையில், டொக்டர் டூம் என்ற புதிய வில்லனின் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நின்றவர் றொபேட் டவுனி ஜூனியர். ‘எண்ட்கேம்’ படத்தில் அயர்ன் மேனாக உயிர் துறந்த அதே நடிகர். டூம் வரும் படத்தின் நெறியாளர்களும் ‘எண்ட்கேம்’ படத்தை எடுத்த ரூசோ சகோதரர்களேதான். டவுனி மகா நடிகர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2006 இல், போதைப் பழக்கத்தாலும் சிறைவாசத்தாலும் பெயர் கெட்டிருந்த அவரை நிறுவனம் தயங்கியபோதும் வேண்டி நின்றவர் முதற்படத்தின் நெறியாளர் ஜோன் ஃபெவ்ரோ. முழுமையான திரைக்கதை கையில் இல்லாமலே அந்தப் படம் எடுக்கப்பட்டது என்பதையும் அறிவேன். ஆனால் அந்தப் படம் தன் கதையை மட்டுமே சுமந்தது; வேறு படங்களின் பாரம் அதற்கு இருக்கவில்லை. அன்று ஒரு நெறியாளரின் துணிச்சலாக இருந்த நடிகரை இன்று நிறுவனம் தன் காப்புறுதிப் பத்திரமாக ஆக்கியிருக்கிறது.

புதிய கை பட்டால் பழைய பாத்திரம் எப்படி உயிர்க்கும் என்பதற்கு அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு. டேர்டெவில் என்ற சித்திரக்கதை விற்பனை விழுந்து நிறுத்தப்படும் நிலைக்கு வந்திருந்தபோது, 1981 இல் அதை எழுதும் பொறுப்பு ஃபிராங் மில்லர் என்ற இளம் ஓவியரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதே குருட்டு வழக்கறிஞரை வைத்துக்கொண்டே அதை முன்னணிக்குக் கொண்டுவந்தார். திரையிலும் றயன் கூக்லர் என்ற நெறியாளரிடம் கொடுக்கப்பட்டு 2018 இல் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’, சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படமாயிற்று. அதன் வில்லன் வைக்கும் வழக்கில் பாதிக்கு மேல் நியாயம் இருப்பதால், அவன் தோற்கும்போது பார்ப்பவருக்கு நிம்மதி கிடைப்பதில்லை. நமது இராவணனை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தேன்.

இராவணன் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டு வந்தபோது, 1964 இல் மேடையேறிய ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் நம் மண்ணின் சி. மௌனகுரு. இராமாயணம் தெரியாதவர் எவரும் அந்த அவையில் இருந்திருக்க மாட்டார். தெரிந்த அந்தக் கதையில் இராவணனின் நெஞ்சுக்குள் நடக்கும் போரை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்; ஆட்டமும் தாளமும் நம்முடையவையாகவே இருந்தன.

சோனி நிறுவனம் 2018 இல் வெளியிட்ட ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 1962 இல் பிறந்த பாத்திரம், அதற்குள் மூன்று நடிகர்கள் திரையில் ஏற்றுவிட்ட வேடம். ஆனால் அந்தப் படத்தின் காட்டுக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அனுபவசாலியான மூத்த ஸ்பைடர்மேனின் அசைவு செக்கனுக்கு 24 படங்களாக வழுவழுப்பாக ஓட, அவனைப் பார்த்துப் பழகும் சிறுவன் மைல்ஸின் அசைவு 12 படங்களாக வெட்டி வெட்டிப் போகும். அவனுக்கு வித்தை கைவந்தபின் அவனுடைய அசைவும் வழுவழுப்பாகிவிடும். பழகாத காலும் பழகிய காலும் ஒரே தாளத்தில் மிதிப்பதில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார்கள். புதிய படைப்பு நோக்கு என்று நான் சொல்வது இப்படிப்பட்ட ஒன்றைத்தான். என் மருமகனுக்கு அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அன்று அவன் கொப்பியைத் தேடவில்லை.

2025 இல் வந்த ‘தண்டர்போல்ட்ஸ்’ விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் 40 கோடி டொலரைத் தொடவில்லையே, நல்ல படம் கொடுத்தாலும் சனம் வரவில்லையே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். வராததில் வியப்பில்லை. பல வருடம் ஏமாந்தவர்கள் ஒரு நல்ல படத்தோடு திரும்பிவிட மாட்டார்கள். படுவான்கரை விவசாயி ஒருவரிடம் கேட்டால், ஓயாமல் விதைத்துச் சத்திழந்த வயலைச் சில போகம் தரிசாக விட வேண்டும் என்பார். பற்மேன் படங்கள் 1997 இல் விழுந்தபின் எட்டு வருடம் அந்த வயல் தரிசாகத்தான் கிடந்தது. 2005 இல் கிறிஸ்தோபர் நோலன் என்ற நெறியாளர் வந்து புதிதாக உழுதார்.

ஆகவே மார்வெல் நிறுவனம் சில வருடம் ஆறியிருந்து, ஒவ்வொரு படத்தையும் அதற்கு முன்னும் பின்னும் எதையும் பார்க்காதவருக்கும் முழுமையாக நிற்கும் கதையாக ஒரே நெறியாளரின் கையில் ஒப்படைக்க வேண்டும். இறந்தவரை இறந்தவராகவே விட வேண்டும். கெவின் ஃபைகி என்ற தயாரிப்பாளர் பதினொரு வருடத்தில் இருபத்திரண்டு படங்களை ஒரே முடிவை நோக்கிக் கட்டி இழுத்தது பெருஞ்சாதனை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே வருடத்தில் ஒன்பது களரிக்கு ஒருவரே அண்ணாவியாராக நிற்க முடியாது.

தங்கள் சினிமாப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் வார வசூலுக்கு ஒதுக்கும் கட்டத்தின் அருகே, அந்தப் படத்தை எழுதியவர் யார், நெறிப்படுத்தியவர் யார், அதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று நான்கு வரி சேர்த்தால் பேருதவியாக இருக்கும். என் மருமகனுக்கு இந்த வரிசையின் நடிகர்கள் அத்தனை பேரின் பெயரும் மனப்பாடம். ‘பிளாக் பாந்தர்’ படத்தை எடுத்தவரின் பெயரை மட்டும் நான் சொல்லித்தான் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர்,
அமிர்தகழி, மட்டக்களப்பு.