வாங்க வேண்டாம், திறந்துவிட்டாலே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்ற மாணவர்களின் கணினிக் கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது. ஆனால் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைப் பள்ளிதோறும் விலை கொடுத்து வாங்கித் தர வேண்டும் என்ற அதன் கோரிக்கையைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அந்தப் பள்ளிகளில் இருக்கும் கணினிகளுக்கு ஏற்கெனவே வாய் உண்டு. திறந்துவிடத்தான் ஆள் இல்லை.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர். கல்லூரிக் காலத்தில் நான் பழகியது ஜாஸ் (JAWS) என்ற ஸ்கிரீன் ரீடர். அதை விலைக்கு வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை. இலவச மாதிரி நாற்பது நிமிடம் பேசும், பிறகு நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம். என் முதுகலை ஆய்வேடு முழுவதும் இப்படி நாற்பது நாற்பது நிமிடமாகத் தட்டச்சு செய்ததுதான். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் காசில்லாமல் கிடைத்தது. இன்றும் என் வீட்டுக் கணினியில் அதுதான்.

காசு கொடுத்ததோ இலவசமோ, அதை முதலில் யாராவது கணினியில் ஏற்றித் தர வேண்டுமே! புதுக் கணினி வந்தாலும், பழையதை ஃபார்மட் செய்தாலும், அதுவரை நமக்கு அது ஊமைப் பெட்டி. கணினியோடு கூடவே பிறக்கும் ஸ்கிரீன் ரீடரின் அருமை இங்கேதான் தெரியும். விண்டோஸில் நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அன்றாட வேலைக்கு இது போதாது, வேறு மென்பொருள் தேவைப்படலாம் என்று அக்காலத்தில் அதைத் திறந்ததும் திரையில் வரும் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும், அவ்வளவு நேர்மை! ஆப்பிள் 2005-இல் மேக் கணினியோடும் 2009-இல் ஐபோனோடும் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரைக் கொடுத்தபோதுதான் உள்ளே இருப்பதும் முழுமையானதாக இருக்க முடியும் என்று தெரிந்தது. இப்போதைய நரேட்டரும் பழைய நரேட்டர் அல்ல. மின்னஞ்சல், இணையப் பக்கம், எக்செல் எல்லாம் வாசிக்கிறது.

எங்கள் பள்ளிக்குப் புதுக் கணினி வந்தபோது எந்த மென்பொருளை ஏற்றவும் கடவுச்சொல் கேட்டது. பென்டிரைவும் பூட்டப்பட்டிருந்தது. “உங்களுக்கெல்லாம் இது சரிப்படாது சார்” என்றார் பொருத்த வந்த தம்பி. நரேட்டரைத் திறக்க கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். பேசவில்லை. ஸ்பீக்கரே இணைக்கவில்லை! பையிலிருந்த ஹெட்செட்டைச் செருகியதும் பேசத் தொடங்கியது. தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பேசியது ஆங்கிலம். ஆசிரியர் பட்டியலைத் திறந்தால் எண்களை மட்டும் வாசித்துப் பெயர்கள் வந்த இடத்தில் மௌனம் காத்தது. விண்டோஸுக்குத் தமிழ்க் குரல் இல்லாமல் இல்லை. அதற்கு ‘வள்ளுவர்’ என்றே பெயர். தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கினால்தான் அவர் வாய் திறப்பார். இறக்கவோ அந்தக் கடவுச்சொல் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வரும் கணினியில் வள்ளுவரை முன்பே ஏற்றி அனுப்புவது அவ்வளவு பெரிய காரியமா? கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஹெட்செட்டுக்கு இன்னொரு வரி.

குரல் வந்தாலும் போதாது. வாசிக்கக் கொடுப்பது எழுத்தாக இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையில் ‘தமிழ்’ என்ற சொல் உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். என் காதுக்கு ‘ஜே கே பி ஓ செமிகோலன்’. அடியில் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேடம். தமிழக அரசு 2010-இலேயே, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும் பிடிஎஃப் இதைவிட மோசம். அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தாலொழிய ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே சொல்ல ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு ஊடக உள்ளடக்கம் எங்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கையொப்பமிட்ட பிரதியோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் அலுவலகங்களுக்கு என்ன நட்டம்?

இதை உங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. தங்கள் மின்னிதழின் பக்கங்களும் படங்களாகத்தான் வருகின்றன. பார்வையற்ற மாணவர்கள் பற்றிய அந்தக் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டியது எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள். அதுவும் வீட்டுப்பாடத்தை முடித்த பிறகு. அடுத்த இதழிலாவது எழுத்தாகத் தருவீர்களா?

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.