சங்கக் கட்டடத்தின் பின்கட்டைச் சமையலுக்குத் தாருங்கள்

எங்கள் ஊர் வணிகர் சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தைப்பூசம் வந்தால் நம் கடைவீதியிலிருந்து வடலூருக்கு அரிசியும் காய்கறியும் லாரியில் போகின்றன. 1866-இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அங்குள்ள பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. அந்த அடுப்புக்கு அரிசி அனுப்பும் உங்களிடம்தான் நம் ஊருக்கும் ஓர் அடுப்பு கேட்கிறோம்.

நம் அரசு மருத்துவமனையில் உள்நோயாளிக்குச் சாப்பாடு உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்குக் கிடையாது. கிராமத்திலிருந்து வந்து, கூலி வேலையையும் விட்டுவிட்டு, வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்கள் அவர்கள். பலர் டீயும் பன்னுமாகவே பகலை ஓட்டுகிறார்கள். நோயாளி மிச்சம் வைத்தால் அதைச் சாப்பிடும் தாய்மாரும் உண்டு.

அன்னதானம்தான் நடக்கிறதே என்று கேட்பீர்கள். பௌர்ணமிக்கும் பிறந்தநாளுக்கும் நடக்கிறது. ஒரே நாளில் மூன்று பேர் பொட்டலம் கொடுப்பார்கள். அப்புறம் நாலு நாளைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். தினமும் பன்னிரண்டரை மணிக்கு, அதே இடத்தில், சோறு இருக்கும் என்ற உறுதிதான் அவர்களுக்கு வேண்டும். அது இருந்தால் கையில் உள்ள நூறு ரூபாயைத் தயங்காமல் மாத்திரைக்கும் பேருந்துக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

நூறு பேருக்கு ஒருவேளைக்கு 15 கிலோ அரிசி, மூன்று கிலோ துவரம் பருப்பு, காய், எண்ணெய், புளி போதும். விலை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் மளிகையை ஒரு கடை ஏற்றுக்கொண்டால், முப்பது கடைகளில் மாதம் முடிந்துவிடும். சமைக்க ஆள் இருக்கிறோம். சத்துணவுக் கூடத்தில் பல ஆண்டுகள் சமைத்து ஓய்வுபெற்ற இரண்டு அம்மாக்கள் இப்போதே தயார். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதையும், 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இல்லாதது இடம் மட்டும்தான். கல்யாண மண்டபங்களைக் கேட்டுப் பார்த்தோம். முகூர்த்த நாளில் அவர்களால் தர முடியாது, நியாயம்தான். ஆனால் பசி முகூர்த்தம் பார்ப்பதில்லையே. உங்கள் சங்கக் கட்டடத்தின் பின்கட்டு, தண்ணீர்த் தொட்டியோடு பூட்டிக் கிடக்கிறது. மருத்துவமனை வாசலுக்கு நடந்தே போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தட்டோடு நிற்பவரை யாரும் படம் எடுக்கக் கூடாது. கொடுத்த கடையின் பெயரைப் பலகையில் தாராளமாக எழுதலாம்.

அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி, பின்கட்டை ஒரு வருடத்துக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். கூட்டத்துக்கு அழைத்தால் வரவுசெலவுக் கணக்கோடு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
சமையலுக்குக் காத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள்